மின்னும் கல்லில் பொன் எவ்வளவு, விஷம் எவ்வளவு?

(விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் ஒரு கல்லைப் பற்றிப் பேசப் போகிறோம். கூலி, போனஸ், மனைப்பட்டா என்று பேசக் கூடுகிற இடத்தில் கல்லுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியோடு சில சமயம் ஒரு தினுசுக் கல் கலந்து வரும். கோழிமுட்டை அளவுதான் இருக்கும். ஆனால் கையில் எடுத்தால் அளவுக்கு மிஞ்சிய கனம். உடைத்த இடத்தில் பித்தளை போல மின்னும். இப்படி ஒரு கல் கிடைத்தவுடன் இரண்டு யோசனைகள் கிளம்புகின்றன. ஒன்று, "இதில் தங்கம் இருக்கிறது, பரிசோதனைச் செலவுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பணம் போடுங்கள்" என்று ஒரு ஆசாமி வந்து சொல்வது. மற்றொன்று, "நம் ஊரில் சூளைக்கா பஞ்சம்? உள்ளே வைத்து உருக்கிப் பார்த்து விடுவோமே" என்று நம்மவர்களே சொல்வது. முதல் யோசனை மடியில் கை வைக்கும். இரண்டாவது யோசனை நெஞ்சில் கை வைக்கும். ஆகவே இரண்டையும் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இந்தக் கல்லுக்குப் பைரைட் என்று பெயர். கிரேக்க மொழியில் நெருப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. எஃகால் தட்டினால் பொறி பறக்கும் என்பதால் அப்படி வைத்தார்கள். நம் சித்த வைத்தியர்கள் நிமிளை என்பார்கள். நூறு பங்கில் ஏறக்குறைய 47 பங்கு இரும்பு, 53 பங்கு கந்தகம். வேறொன்றுமில்லை. இதற்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு, மார்கசைட் என்று. அதுவும் அதே இரும்பு, அதே கந்தகம்தான், ஆனால் அடுக்கி வைத்த விதம் வேறு. நெய்வேலிக் கரியில் இந்த இரண்டும் உண்டு. சதுப்பில் அழுகிய மரம் செடி கொடிகள்தான் கரியாயின. அந்தச் சேற்றிலிருந்த கந்தகமும் நீரில் கரைந்து வந்த இரும்பும் சேர்ந்து இந்தக் கல் உண்டாயிற்று.

பீங்கான் தொழிலாளிக்கு இது புது விரோதியல்ல. களிமண்ணில் இதன் துகள் கலந்திருந்தால் வெந்து வரும் சரக்கில் கரும்புள்ளி விழும், கொப்புளம் கிளம்பும். இரும்புத் தூளை எடுப்பதற்குக் காந்தம் வைக்கிறார்கள். ஆனால் இந்தக் கல் காந்தத்துக்கு ஒட்டாது, தப்பித்துப் போய்விடும். சூளையில் சூடேறிய பிறகுதான் தன் குணத்தைக் காட்டும். ஆகவே புள்ளி விழுந்த கோப்பைக்காகக் கூலியைப் பிடிக்க வருகிறவரிடம், தொழிலாளியின் கை அழுக்கைப் பார்ப்பதற்கு முன்னால் களிமண்ணைச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்க நமக்கு நியாயம் இருக்கிறது. இது பேச்சுக்கு நடுவே வந்த விஷயம், ஆனாலும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

கையிலிருக்கும் சோதனைகள்

தங்கமா, பைரைட்டா என்று பிரித்துப் பார்க்க எந்த ஆசாமிக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. உலகமெங்கும் கல்லாராய்ச்சிக்காரர்கள் பையில் வைத்திருக்கும் ஒரு கருவி உண்டு. கிளேஸ் பூசாத பீங்கான் துண்டுதான் அது. கடையில் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் ஊரிலோ பிஸ்கட் சூடு மட்டும் கண்டு உடைந்துபோன துண்டுகள் தெருவோரத்தில் குப்பையாகக் கிடக்கின்றன. அதில் ஒன்றை எடுத்துக் கல்லை அழுத்தி உரையுங்கள். தங்கமாக இருந்தால் மஞ்சள் கோடு விழும். பைரைட்டாக இருந்தால் பச்சை கலந்த கறுப்புக் கோடு விழும். வெளியே எத்தனை பளபளப்பு இருந்தாலும் கோடு பொய் சொல்லாது.

இன்னும் ஒன்று. தங்கம் மெதுவானது, சுத்தியால் தட்டினால் தகடாக நசுங்கும். பைரைட் நொறுங்கிப் பொடியாகும். தங்கத்தை இரும்பு ஆணியால் கீறலாம். பைரைட்டோ கண்ணாடியையே கீறும். கனத்திலும் வித்தியாசம் உண்டு. தண்ணீரைப்போல ஐந்து மடங்கு கனம் பைரைட்டுக்கு, தங்கத்துக்குப் பத்தொன்பது மடங்கு. ஆற்று மணலில் மின்னுவது பெரும்பாலும் அபிரகம். அது ஏடு ஏடாக உரியும், நீரோடு மிதந்து போகும். அதைத் தங்கம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவோடு விஷயம் தீர்ந்துவிட்டதா? இல்லை. இங்கேதான் தரகனுக்குப் பிழைப்பு இருக்கிறது. "பைரைட்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத தங்கம் இருக்கிறது" என்பான். அவன் சொல்வது நடக்காத காரியமும் அல்ல. அமெரிக்காவில் நெவாடா மாகாணத்தில் கார்லின் என்ற இடத்தில் 1961இல் கண்டுபிடித்த தங்கம் இப்படிப்பட்டதுதான். பைரைட்டுக்குள்ளே பொடியிலும் பொடியாகப் புதைந்து கிடந்தது. உரைகல்லுக்கும் தெரியாது, சாதாரண பூதக்கண்ணாடிக்கும் தெரியாது. ஆனால் எங்கோ நெவாடாவில் இருந்தது என்பதால் நம் ஊர்க் கரியிலிருந்து பொறுக்கிய கல்லில் இருக்கும் என்று ஆகாது. அதைச் சொல்ல வேண்டியது தரகனின் வாயல்ல, முறையான சோதனை.

அந்தச் சோதனையை நெருப்புச் சோதனை என்பார்கள். பல நூறு வருஷங்களாக நடந்து வரும் முறை. இன்றும் தங்கத்தை அளப்பதற்கு இதையே நம்புகிறார்கள். கல்லை மாவாக அரைத்து, அதில் ஏறக்குறைய 30 கிராம் எடுத்து, மிருதாரசிங்கி, சோடா, வெங்காரம், கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்து மண் மூசையில் போட்டு, ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்குகிறார்கள். மிருதாரசிங்கியிலிருந்து ஈயம் பிரிந்து மழைத்துளி போலக் கீழே இறங்கும். இறங்கும் வழியில் தங்கத்தையும் வெள்ளியையும் கூட்டிக்கொண்டு போய் அடியில் கட்டியாக நிற்கும். அந்த ஈயக் கட்டியை எலும்புச் சாம்பலில் செய்த கிண்ணத்தில் வைத்து மறுபடியும் சூடேற்றினால், ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும். கடைசியில் குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒரு மணி மிஞ்சும். அதிலுள்ள வெள்ளியை நைட்ரிக் திராவகத்தில் கரைத்துவிட்டு, மிச்சத்தை நுட்பமான தராசில் நிறுத்தால் அதுதான் தங்கம்.

எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் பாருங்கள். கோலார் தங்கவயலில் ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது. கடைசிக் காலத்தில் ஏறக்குறைய மூன்று கிராம்தான். மூன்று கிராம் உள்ள பாறையில் 30 கிராம் எடுத்துச் சோதித்தால், கிடைக்கும் தங்கம் ஒரு நெல்மணியின் எடையில் இருநூறில் ஒரு பங்குகூட இராது. இதைச் சூளையில் வைத்துக் கண்ணால் பார்க்கலாம் என்கிறார்கள்!

எந்தக் கல்லைச் சோதித்தார்கள்?

விருத்தாசலம் விற்பனைக் கூடத்துக்கு நெல்லும் மணிலாவும் கொண்டு போனவர்களுக்கு இது புரியும். வியாபாரி மூட்டையின் வாயில் இருப்பதைப் பார்த்து விலை சொல்கிறானா? குத்தூசியை நடுவயிற்றில் குத்தி, உள்ளே இருப்பதை எடுத்துப் பார்க்கிறான். நாலு மூட்டையில் குத்துகிறான். நம் சரக்கை வாங்கும்போது அவனுக்கு இருக்கிற இந்த ஜாக்கிரதை, கல்லை நம்பிக் காசு போடும்போது நமக்கும் வேண்டும். நன்றாக மின்னும் கல் ஒன்றைப் பொறுக்கிச் சோதனைக்கு அனுப்பினால், வருகிற காகிதம் அந்த ஒரு கல்லைப் பற்றித்தான் பேசும், பூமியைப் பற்றிப் பேசாது. முறையான மாதிரி என்பது, பாறையின் குறுக்கே ஒரே அகலத்தில் வெட்டிக்கொண்டு வந்து, எல்லாவற்றையும் உடைத்து, கூம்பாகக் குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு, மறுபடி குவித்து மறுபடி பிரித்து, கடைசியில் ஒரு பை அளவுக்குக் கொண்டு வருவது. அந்தப் பையில் நல்லதும் கெட்டதும் பூமியில் உள்ள விகிதத்திலேயே இருக்கும்.

இந்த வித்தியாசம் தெரியாமல் போனதால் நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய கூத்து நடந்திருக்கிறது. நீலகிரி ஜில்லாவில் தேவாலா, பந்தலூர் பக்கம் வெள்ளைக்கல் பாறைகளில் பைரைட்டோடு கொஞ்சம் தங்கமும் உண்டு. பழங்குடி மக்கள் நெடுங்காலமாக அரித்து எடுத்து வந்தார்கள். 1879, 1880 வாக்கில் லண்டன் முதலாளிகளுக்கு இந்தச் செய்தி எட்டியது. பிரப் ஸ்மித் என்ற நிபுணரை பிரிட்டிஷ் சர்க்கார் அனுப்பி அறிக்கை வாங்கியது. சில மாதிரிகளில் கிடைத்த கணக்கைக் கேட்டு, பத்துக் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. லட்சக் கணக்கான பவுனுக்குப் பங்குகள் விற்றன. தேயிலைக்கும் காப்பிக்கும் இருந்த நிலங்கள் தங்கத்தின் விலைக்குக் கை மாறின. யந்திரங்கள் மாட்டு வண்டியில் மலையேறின. பாறையை முழுக்க அரைத்துப் பார்த்தபோது மாதிரியில் இருந்தது மலையில் இல்லை. சில வருஷங்களில் கம்பெனிகள் திவாலாயின. பங்கை முன்னாலேயே விற்றவன் தப்பித்தான்.

கம்பெனிகள் போய்விட்டன, சுரங்க வழிகள் மூடப்படாமல் கிடக்கின்றன. அந்த வட்டாரத்தில் பிற்காலத்தில் குடியேறியவர்களில் பலர், 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்கள். கூலி போதாமல் சிலர் அந்தப் பழைய வளைகளுக்குள் இறங்கினார்கள். மண் சரிந்து மடிந்தவர்கள் உண்டு. பாதரசம் வைத்துத் தங்கத்தைப் பிடித்து, அடுப்பில் காய்ச்சி, அந்த ஆவியை மூச்சில் வாங்கியவர்கள் உண்டு. அதிலும் ஒரு கொடுமை என்னவென்றால், பைரைட்டுக்குள் புதைந்த தங்கத்தைப் பாதரசம் பிடிக்காது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். கனடா நாட்டு பிரீ-எக்ஸ் கம்பெனி இந்தோனேஷியாவில் பூசாங் என்ற காட்டில் உலகத்திலேயே பெரிய தங்கப் படிவம் கிடைத்திருப்பதாகச் சொல்லிற்று. 1997இல் வெளியார் போய் மறுபடி துளைத்துச் சோதித்தபோது அங்கே தங்கமே இல்லை. அரைத்த மாதிரிகளில் வேறிடத்துத் தங்கத் துகளைக் கலந்திருந்தார்கள். அந்தப் பங்குகளை வாங்கி நஷ்டப்பட்டதில் கனடாவின் ஆசிரியர்களுக்கும் நகராட்சி ஊழியர்களுக்கும் உரிய ஓய்வூதிய நிதிகளும் சேர்த்தி. ஆராய்ச்சிக்கூடம் சரியாகத்தான் சோதித்தது. ஆனால் பையில் இருந்ததைத்தான் அது சோதிக்க முடியும்.

இரண்டாவது கணக்கு

இதுவரை பேசியது பொன்னைப் பற்றி. சோதனைக் காகிதத்தில் இன்னொரு கணக்கும் இருக்க வேண்டும். அந்தக் கல்லில் விஷம் எவ்வளவு என்ற கணக்கு. முதல் கணக்குக்குக் கம்பெனி ஓடி ஓடிப் பணம் கட்டுகிறது. இரண்டாவது கணக்கை யாரும் கேட்காவிட்டால் எழுதாமலே விட்டுவிடுகிறது. அதைக் கேட்க வேண்டியவர்கள் வெட்டுகிறவர்களும், அரைக்கிறவர்களும், அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களும்தான்.

பைரைட்டைச் சூளையில் போட்டால் என்ன ஆகும்? அதிலுள்ள கந்தகம் எரிந்து காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடும். ஒரு கிலோ கல் முழுக்க எரிந்தால் ஒரு கிலோவுக்கு மேலாகவே கந்தக வாயு வெளிவரும். கண் எரியும், தொண்டை அடைக்கும், ஆஸ்துமாக்காரனைப் படுக்கையில் தள்ளும். இது மட்டுமானால் வெளியே ஓடிப் பிழைக்கலாம். ஆனால் பைரைட்டுக்கு இன்னொரு உறவு உண்டு. வெள்ளியைப் போல வெளிறிய நிறத்தில், இரும்பும் கந்தகமும் ஆர்சனிக்கும் சேர்ந்த கல். தங்கம் இருக்குமிடத்தில் இதுவும் அடிக்கடி இருக்கும். சூடேறினால் பூண்டு நாற்றம் வரும், வெள்ளைப் புகை கிளம்பும். அந்தப் புகை படிந்தால் அதுதான் வெள்ளைப் பாஷாணம். நாற்றத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாரும் மோந்து பார்க்கக் கிளம்ப வேண்டாம். நெருப்புச் சோதனையிலும் ஈயப் புகை உண்டு. புகைபோக்கி இல்லாத கொட்டகையில் அதைச் செய்கிற தொழிலாளியின் ரத்தத்தில் ஈயம் ஏறும்.

நெருப்பே வேண்டாம், தண்ணீரும் காற்றும் போதும். இந்தக் கல்லை வெட்டி வெளியே குவித்தால் மழையிலும் வெயிலிலும் கரைந்து அன்னபேதியும் கந்தகத் திராவகமும் ஆகும். பீகாரில் அம்ஜோர் என்ற இடத்துப் பைரைட்டிலிருந்து கந்தகத் திராவகம் எடுப்பதற்கென்றே 1960இல் சர்க்கார் கம்பெனி தொடங்கினார்கள், பின்னர் அது மூடப்பட்டது. அங்கே ஆலையில் செய்ய நினைத்ததை, கேட்பாரற்ற குவியலில் இயற்கை தானாகவே செய்கிறது. ஒரு டன் பாறையில் நூற்றுக்கு ஒரு பங்கு கந்தகம் இப்படிக் கல்லாக இருந்தாலே, அதன் திராவகத்தை முறிக்க 31 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். மேகாலயாவில் ஜைந்தியா மலைகளில் எலிவளைச் சுரங்கங்களிலிருந்து கந்தகம் மிகுந்த நிலக்கரியை வெட்டிக் குவித்தார்கள். ஓடைகள் செம்மஞ்சள் நிறமாயின, ஆறுகளில் மீன் செத்தது. 2014இல் பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் சுரங்கங்களுக்குத் தடை போட்டது.

கர்நாடகத்தில் யாத்கீர் ஜில்லாவில் மங்களூர் என்று ஒரு ஊர் (கடற்கரை மங்களூர் அல்ல). அங்கே மூடிக் கிடக்கும் தங்கச் சுரங்கத்துக்குப் பக்கத்தில் கிரதள்ளி தாண்டா என்ற குடியிருப்பு. லம்பாடி மக்கள், பெரும்பாலும் கூலிகள். குழாய்க் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்தன, உடம்பில் கரும்புள்ளிகள் விழுந்தன. மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்தபோது, பார்த்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ஆர்சனிக் நோயின் அடையாளம் இருந்தது. அந்த ஆராய்ச்சி 2013இல் வெளிவந்தது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆர்சனிக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு. அதற்கு நிறமில்லை, ருசியில்லை, மணமில்லை. கிணற்றைப் பார்த்தால் தெரியாது, சோதித்தால்தான் தெரியும். அந்த மண்ணில் தங்கம் எவ்வளவு என்று சோதித்தவர்கள் பலர் வந்து போயிருக்கிறார்கள்.

கோலார் தங்கவயலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. வட ஆற்காட்டிலிருந்தும் தர்மபுரிப் பக்கத்திலிருந்தும் போன நம் மக்கள், அவர்களில் மிகப் பலர் சேரிகளிலிருந்து போனவர்கள், பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கி வெட்டினார்கள். 120 வருஷத்தில் ஏறக்குறைய 800 டன் தங்கம் எடுத்துக் கொடுத்தார்கள். 1940 முதல் 1946 வரை அங்கே 7,653 தொழிலாளரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 43.7 பேருக்கு சிலிக்கோஸிஸ். பாறையில் இருந்த வெள்ளைக்கல் தூள் நுரையீரலில் படிந்து கல்லாக்கிவிட்ட நோய். பாறையில் தங்கம் டன்னுக்கு இத்தனை என்று தினமும் எழுதி வைத்த கம்பெனிக்கு, தொழிலாளி இழுக்கும் மூச்சில் தூள் எவ்வளவு என்று எழுத வெகுகாலம் மனம் வரவில்லை.

பீங்கான் தோழர்களே, அது வேறு ஊர்க் கதை என்று எண்ணாதீர்கள். அதே வெள்ளைக்கல் தூள்தான் நம் களிமண் கலவையிலும் இருக்கிறது. இந்தியாவில் பீங்கான், மண்பாண்டத் தொழிலில் நடந்த பழைய ஆய்வொன்றில் நூற்றுக்கு 15.7 பேருக்கு இதே நோய் இருந்தது. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே ஈய விஷத்தையும் ஆர்சனிக் விஷத்தையும் சிலிக்கோஸிஸையும், கண்டவுடன் சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய நோய்களாகச் சேர்த்தது. ஆகவே உலர்ந்த தூளைப் பெருக்காதீர்கள், நனைத்துத் துடையுங்கள். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் தூளை நிறுத்தாது. தூளை உறிஞ்சும் யந்திரமும் வருஷத்துக்கு ஒரு மார்புப் படமும் கேளுங்கள். படத்தின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும்.

தங்கவயல் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. சயனைடில் கழுவி எறிந்த மண், மூன்று கோடி டன்னுக்கு மேல், குன்று குன்றாக ஊருக்கு நடுவே நிற்கிறது. காற்றடித்தால் தூள் வீட்டுக்குள் வருகிறது. இந்தக் குன்றுகளைச் சோதித்துப் பார்த்து, டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் மிச்சமிருக்கிறது என்று கணக்கிட்டார்கள். 2024இல் 13 குன்றுகளை மறுபடி அரைத்தெடுக்க கர்நாடக மந்திரி சபை இசைவு கொடுத்தது. முதல் கணக்கு தயாராகிவிட்டது. குன்றைக் கிளறும்போது பறக்கும் தூளில் என்ன இருக்கிறது, வடியும் நீரில் என்ன இருக்கிறது, அங்கே வேலைக்கு நிற்பவனுக்கு என்ன பாதுகாப்பு என்பதை அந்த ஒப்பந்தத்தில் எழுத வைப்பது தங்கவயல் தொழிலாளர் குடும்பங்களின் வேலை. நாமும் குரல் கொடுக்கலாம்.

நம் பக்கத்தில் யாராவது கல்லைக் காட்டிப் பணம் கேட்டால் என்ன செய்வது? மாதிரியை எங்கே, எப்படி எடுத்தாய் என்று கேளுங்கள். நம் கண் முன்னால் எடுத்து, மூன்றாகப் பிரித்து, முத்திரை வைத்து, ஒரு பங்கை நம்மிடம் விடச் சொல்லுங்கள். காகிதத்தில் தங்கத்தோடு கூட ஆர்சனிக், ஈயம், காட்மியம், பாதரசம், நீரில் போட்டால் எவ்வளவு திராவகம் கக்கும் என்ற கணக்கு இவையும் இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பெரும்பாலான ஆசாமிகள் இந்த இடத்திலேயே மூட்டை கட்டுவார்கள். உண்மையிலேயே கனிமம் என்று தோன்றினால் ஜில்லா கனிமவளத் துறை அதிகாரியிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள். அனுமதியின்றிச் சுரங்கம் வெட்டுவது 1957ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அதில் பிடிபடுவது தரகன் அல்ல, மண்வெட்டியோடு நிற்கும் கூலிதான்.

பேசத் தொடங்குவதற்கு முன்னால் சில தாய்மார்கள் கேட்டார்கள், இந்தக் கல்லைத் தொட்டாலே விஷமா, குழந்தைகள் வைத்து விளையாடுகிறார்களே என்று. கட்டியாக இருக்கும் பைரைட்டைத் தொட்டதால் ஒன்றும் ஆகாது. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட்டால் போதும். ஆனால் வாயில் வைக்க விடாதீர்கள், அம்மியில் வைத்து இடிக்க விடாதீர்கள், அடுப்பில் போட விடாதீர்கள். கரியிலிருந்து வந்த கல் சில மாதத்தில் வெள்ளையாகப் பூத்து உதிரும், புளிப்பு வாடை அடிக்கும். அந்தப் பூப்பில் திராவகம் இருக்கிறது, தகரப் பெட்டியையும் துணியையும் அரிக்கும். அப்படிப் பூத்த கல்லைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ எறியாமல், சுண்ணாம்பு தூவி, தண்ணீர் ஓடாத மேட்டில் ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள்.